எல்லார் நெஞ்சிலும் ஒரே நிழல்

எக்ஸ்ரே படம் எடுக்கும் கிளினிக் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இருக்கிறது. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட் கோலாலம்பூரில் இருக்கிறார். தீபாவளி முடிந்த சில நாட்களில் அவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. அந்தக் கிளினிக்கிலிருந்து வரும் நெஞ்சுப் படங்களில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் மங்கலான வெண்மை ஒன்று தெரிகிறது, அதுவும் அடுத்தடுத்த ஆட்களுக்கு ஏறக்குறைய அதே இடத்தில். காசநோய் விரும்பி உட்காரும் இடம் அது. முதலில் வந்தவர்களுக்குச் சளிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது. பிறகு வந்த படங்களிலும் அதே இடம் என்றதும்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. ஒரே லயத்தில், அதாவது ஒரே தோட்டக் குடியிருப்பு வரிசையில், தங்குகிறவர்களுக்கு நோய் தொற்றலாம், சரி. அளவுகோல் வைத்தது போல ஒரே இடத்திலா தொற்றும்?

அந்தக் கிளினிக்கில் காலை நேரத்தில் வேனிலும் லோரியிலும் வந்து இறங்குபவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய மண்தான். இப்போது அங்கே வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் குலை வெட்டுகிறார்கள். 1997 முதல் ஃபோமெமா நிறுவனத்தின் வழியாக நடக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஒன்று. தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வேலை அனுமதி போச்சு. ஊரில் கடன் வாங்கி வந்தவனுக்கு அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

கிளினிக் டாக்டர் உடனே, எக்ஸ்ரேயை வாங்கிப் படமாக்கும் டிஜிட்டல் பேனலை விற்றுப் பொருத்திய நிறுவனத்தைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: கலிபிரேஷன் செய்து கொடுத்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது, அதற்கப்புறம் நீங்கள் தீபாவளிக்கு அறைக்குச் சாயம் அடித்திருக்கிறீர்கள், எதன் மேலாவது பட்டிருக்கும், அது எங்கள் பொறுப்பில் வராது. இல்லை, சாயம் அடித்த பிறகுதான் உங்கள் ஆள் வந்தார் என்று கிளினிக் சொன்னது. சாயம் அடித்தவர் டாக்டரின் சொந்தக்காரர். ரசீதும் இல்லை, தேதியும் யாருக்கும் சரியாக நினைவில்லை. இந்த நிலையில்தான் எக்ஸ்ரே கருவிகளைப் பார்த்துக் கொடுக்கும் என்னை ஈப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். நான் எந்த விற்பனை நிறுவனத்தையும் சேராதவன் என்பது ஒரு காரணம்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் கலிபிரேஷன் படங்கள் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மீதி புரியாது.

அந்த பேனல் 43 சென்டிமீட்டர் சதுரம். உள்ளே 3072க்கு 3072 என்று 90 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். மேலே ஒளிரும் சீசியம் அயோடைடு படலம், அது எக்ஸ்ரேயை வெளிச்சமாக மாற்றும். கீழே சிலிக்கன், அது வெளிச்சத்தை மின்னூட்டமாக மாற்றும். இத்தனை லட்சம் புள்ளிகளில் எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. ஒன்று கதிரே படாமல் 100 என்று காட்டும், பக்கத்திலுள்ளது 130 என்று காட்டும். ஒன்று சற்று கூர்மை, இன்னொன்று சற்று மந்தம். அதனால் இரண்டு வகைப் படங்களை முன்கூட்டியே சேகரித்து வைத்துக்கொள்கிறோம். கதிர் விடாமல் எடுப்பது டார்க். கடையில் எண்ணெய் ஊற்றுமுன் வெறும் பாத்திரத்தை எடை பார்த்துக் கழிப்பதுதான் அதன் வேலை. ஆள் யாரும் இல்லாமல் பேனல் முழுவதும் சீரான கதிரை விட்டு எடுப்பது ஃபிளாட்.

கணக்கு எளிது. நோயாளியின் படத்திலிருந்து டார்க்கைக் கழி. ஃபிளாட்டிலிருந்தும் டார்க்கைக் கழி. முன்னதைப் பின்னதால் வகு. ஒரு புள்ளிக்கு டார்க் 100, ஃபிளாட் 4100 என்று வைப்போம். பக்கத்துப் புள்ளிக்கு டார்க் 130, ஃபிளாட் 3730. ஒரே அளவு கதிர் பட்டபோது முதல் புள்ளி 1100 என்றும் அடுத்தது 1030 என்றும் காட்டுகின்றன. 1000 வகுத்தல் 4000. 900 வகுத்தல் 3600. இரண்டுமே 0.25. வேற்றுமை மறைந்துவிட்டது.

இப்போது ஃபிளாட் எடுக்கும்போது அந்த முதல் புள்ளிக்கு நேரே ஏதோ ஒன்று கதிரில் 5 விழுக்காட்டைத் தடுத்தது என்று வையுங்கள். 4000 என்று இருக்க வேண்டியது 3800 ஆகிவிடும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தப் புள்ளி 0.25க்குப் பதில் 0.263 என்று காட்டும். கதிர் அதிகம் பட்டதாகப் பொய் சொல்லும். நெஞ்சுப் படத்தில் கதிர் அதிகம் பட்ட இடம் கறுப்பு. ஆகவே ஃபிளாட்டில் இருந்த அழுக்கு நோயாளியின் படத்தில் கறுப்பாக வரும். ஃபிளாட்டில் இல்லாமல் நோயாளி படத்தின்போது மட்டும் இருக்கும் அழுக்கு வெள்ளையாக வரும். இந்தக் கறுப்பு வெள்ளைக் கணக்குத்தான் கடைசியில் சண்டையைத் தீர்த்து வைத்தது.

கிளினிக்கின் ரேடியோகிராஃபர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஃபிலிம் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறார். நான் போனதும் முதலில் காட்டியது மேசை மேல் எடுத்த கை, கால், முழங்கால் படங்களை. எல்லாம் பளிச்சென்று இருந்தன. வாரம் ஒருமுறை அவரே மேசையில் எடுத்துப் பார்க்கும் வெற்றுப் படத்திலும் ஒரு கறை கிடையாது. "மேசையில சுத்தமா இருக்கு தம்பி, ஸ்டாண்டுக்குப் போனா வந்துடுது. பேனல் ஒண்ணுதானே?" என்றார். ஒரே வயர்லெஸ் பேனலை மேசையிலும் நெஞ்சு ஸ்டாண்டிலும் மாற்றி மாற்றிச் சொருகுகிறார்கள். சின்னக் கிளினிக்குகளில் இதுதான் வழக்கம்.

ஆள் இல்லாமல் ஸ்டாண்டில் 180 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு படம் எடுத்து, சிறு வேறுபாடும் தெரியும்படி திரையில் மாறுபாட்டை நன்றாக இறுக்கினோம். வெண்மை தெரிந்தது. சுமார் 2 சென்டிமீட்டர் அகலம், விளிம்பு மங்கல், நடுவிலிருந்து 13.7 சென்டிமீட்டர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உட்பக்கமாக இன்னொன்றும் கண்ணில் பட்டது. கறுப்பு. வெள்ளையில் ஏறக்குறைய பாதி அகலம், நடுவிலிருந்து 7.6 சென்டிமீட்டர். ஆள் நிற்கும் படங்களில் இந்தக் கறுப்பு நுரையீரல் வேர்ப்பகுதியின் இரத்தக் குழாய்களுக்குள் கலந்துவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை.

அக்காதான் அடுத்த வழியைச் சொன்னார். பழைய நாளில் ஃபிலிம் வைக்கும் ஒவ்வொரு கேசட்டுக்கும் எண் போட்டிருக்கும். படத்தில் கறை வந்தால், எந்தக் கேசட் என்று பார்ப்பார்கள். கேசட்டை மாற்றியும் கறை வந்தால் குற்றம் வேறிடத்தில். இங்கே மாற்ற இன்னொரு பேனல் இல்லை. ஆனால் இருப்பதைத் திருப்பிச் சொருகலாமே. பேனலைக் கால் சுற்று திருப்பி இன்னொரு படம் எடுத்தோம். கறுப்பு பேனலோடு ஒட்டிக்கொண்டு அதே புள்ளிகளில் நின்றது. வெள்ளை பேனலில் வேறு புள்ளிகளுக்கு நகர்ந்துவிட்டது. அப்படியென்றால் கறுப்பு பேனலின் நினைவில் இருக்கிறது. வெள்ளை வெளியில், கதிர் புறப்படும் டியூப் பக்கம் இருக்கிறது.

டியூபை 150க்குக் கொண்டுவந்தோம். வெள்ளை 11.4க்கு உள்வாங்கியது. கறுப்பு அசையவில்லை. டியூப் பக்கம் எவ்வளவு தள்ளி என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம். கதிர் புறப்படும் புள்ளியிலிருந்து, கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரின் பிளாஸ்டிக் கண்ணாடி சுமார் 25 சென்டிமீட்டர். அதில் நடுவிலிருந்து 1.9 சென்டிமீட்டர் தள்ளி ஒரு துளி இருந்தால், 180இல் அதன் நிழல் 7.2 மடங்கு விலகி 13.7இல் விழும். 150இல் 6 மடங்கு, 11.4. அப்போது 100இல்? 4 மடங்கு. 7.6. கறுப்பு நிற்கும் அதே இடம்.

அறையில் மேசைக்குள் சொருகிய பேனலுக்கும் டியூபுக்கும் உள்ள தூரம் 100.

கொலிமேட்டர் விளக்கைப் போட்டு, அக்கா ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பேனலுக்கு முன்னால் பிடித்தார். வெளிச்சத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். இத்தனை நாள் அது ஸ்டாண்டின் கறுப்புப் பலகை மேலும் தொழிலாளர்களின் சட்டை மேலும் விழுந்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தால், ஓரமாக, நகத்தால் தொட்டால் மேடு தெரியும்படி, சுவரிலுள்ள அதே வெள்ளைச் சாயத்தின் சொட்டு. வெள்ளைச் சாயத்துக்கு வெண்மை கொடுப்பது டைட்டானியம் டையாக்சைடு. டைட்டானியத்தின் அணு எண் 22. பிளாஸ்டிக்கிலும் தசையிலும் இருக்கும் கார்பன், ஆக்சிஜனை விட எக்ஸ்ரேயை நன்றாக விழுங்கும். சொட்டு தடிமனாக இருந்தால் சில விழுக்காடு குறைந்துவிடும், அது போதும்.

மேசையில் ஏன் சுத்தம் என்பதும் இப்போது விளங்கியது. ஃபிளாட் எடுத்தது மேசையில், 100இல், சொட்டு இருக்கும்போது. அதே மேசையில் அதே 100இல் நோயாளியை எடுத்தால் வெள்ளையும் கறுப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அக்காவின் வாராந்திரச் சோதனையும் அங்கேயே நடந்ததால் அதுவும் ஏமாந்தது. ஸ்டாண்டில் தூரம் மாறியதும் இரண்டும் பிரிந்துவிட்டன.

சண்டைக்கும் இதுவே பதில். கலிபிரேஷனுக்குப் பிறகு சாயம் தெறித்திருந்தால் வெள்ளை மட்டும்தான் இருக்க முடியும். கறுப்பு இருக்கிறது என்றால் ஃபிளாட் எடுத்த நேரத்திலேயே சொட்டு அங்கே இருந்திருக்கிறது. போதாததற்கு ஸ்டாண்டுப் படத்தை இன்னும் இறுக்கியபோது மூன்று நீள்சதுரங்கள், மேலே இரண்டு, கீழே ஒன்று, லேசாகத் தெரிந்தன. கதிர் போதுமான அளவு பட்டதும் தானே நிறுத்தும் ஏஇசி உணரிகளின் அமைப்பு அது. அந்த ஸ்டாண்டில் ஏஇசியே கிடையாது, மேசைக்குள்தான் இருக்கிறது. பேனலை வெளியே எடுக்காமல், மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்து, மேசைப் பலகை, சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட், ஏஇசி எல்லாவற்றையும் தாண்டி வந்த கதிரில் ஃபிளாட் எடுத்திருக்கிறார்கள். வேகமாக முடிக்க இதைவிட வசதியான வழி இல்லைதான். பெரும்பாலான பேனல் கையேடுகள் கிரிட்டை எடுத்துவிட்டு, வெறும் பேனலில் எடுக்கச் சொல்கின்றன.

டாக்டர் ஈரத்துணியோடு வந்துவிட்டார். துடைக்க வேண்டாம் என்று தடுக்க வேண்டியதாயிற்று.

காரணம் இருந்தது. ஏற்கெனவே எடுத்த படங்கள் கணினியில் இருக்கின்றன, பதப்படுத்துவதற்கு முந்திய வடிவத்திலும். பழைய ஃபிளாட்டும் கோப்பாக இருக்கிறது. அந்தப் படங்களைப் பழைய ஃபிளாட்டால் பெருக்கினால் தவறான திருத்தம் நீங்கும்; சரியான ஃபிளாட்டால் திரும்ப வகுக்கலாம். ஆனால் அந்தப் படங்களுக்குச் சரியான ஃபிளாட் என்பது சுத்தமான கண்ணாடியில் எடுத்தது அல்ல. சொட்டு அங்கேயே இருக்க, 180இல், ஸ்டாண்டின் கிரிட்டோடு, அவர்களைப் படமெடுத்த அதே கிலோவோல்ட்டில் எடுத்தது. சொட்டைத் துடைத்துவிட்டால் அந்த ஃபிளாட்டை உலகத்தில் யாராலும் எடுக்க முடியாது. அதனால் முதலில் சேகரித்தது அழுக்கு ஃபிளாட்டுகளை. போதுமான அளவு எடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டோம். இதைச் செய்யாமல் துடைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், என் அனுபவத்தில்.

அப்புறம் துடைத்தோம். தின்னர் கூடாது, அந்தப் பிளாஸ்டிக் வெடிப்பு விட்டுவிடும். ஈரத்துணியில் ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெல்லச் சுரண்டினால் சாயம் தோலாக உரிந்து வந்தது.

புதுப் படங்களைச் சேகரிக்க அவசரப்படவில்லை. இரவெல்லாம் ஏர்கான் அணைந்து கிடக்கும் அறையில் காலையில் பேனல் ஒரு வெப்பநிலையில் இருக்கும், வேலை நடக்கும் நேரத்தில் வேறு வெப்பநிலையில். சிலிக்கனில் வெப்பம் ஏறினால் டார்க்கும் ஏறும். பேனலையும் ஏர்கானையும் வழக்கமான வேலைநாள் போல ஓடவிட்டு, வெப்பநிலை ஓரிடத்தில் நின்ற பிறகே டார்க் எடுத்தோம். டியூபையும் சிறு சிறு கதிர்களால் சூடேற்றியாயிற்று.

ஃபிளாட்டுக்குப் பேனலை கிரிட் கழற்றிய ஸ்டாண்டில், 180இல் வைத்தோம். ஏன் 180 என்று அக்கா கேட்டார், நியாயமான கேள்வி. நடுவைவிட மூலைகள் டியூபிலிருந்து தள்ளியும் சாய்ந்தும் இருக்கின்றன. 43 சென்டிமீட்டர் பேனலில் 100இல் மூலைக்கு நடுவைவிட 12 விழுக்காடு கதிர் குறைவாகப் படும், 180இல் 4 விழுக்காடுதான். டியூபுக்குள் கதிர் பிறக்கும் உலோகமான ஆனோட் இருக்கும் பக்கம் கதிர் மெலிவதும் தூரம் கூடினால் தணிகிறது. 100இல் எடுத்தால் இந்தச் சரிவு முழுவதையும் பேனலின் குறை என்று மென்பொருள் நம்பிவிடும். இந்த மென்பொருள் ஒரு ஃபிளாட்டைத்தான் வைத்துக்கொள்ளும். நுரையீரலில் தப்பு நடக்கக் கூடாது. முழங்கால் படத்தின் மூலையில் லேசாக வெளுத்தால் யாரும் சாகப் போவதில்லை. அதனால் 180.

கொலிமேட்டர் வாயில் 21 மில்லிமீட்டர் அலுமினியம், 70 கிலோவோல்ட். உடம்பைத் தாண்டி வரும் கதிரின் தன்மைக்கு நெருக்கமான, பேனல்களைச் சோதிக்க உலகளவில் வழங்கும் அமைப்பு இது. அலுமினியத் தகட்டிலும் கீறலும் உள்ளழுக்கும் இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் தகட்டைக் கொஞ்சம் திருப்பினால் அவை ஒரே இடத்தில் சேராமல் கரைந்துவிடும். கதிரின் அளவைப் பேனல் நிறைந்துவிடும் எல்லையில் பாதியளவுக்கு வைத்தோம். கதிர் எல்லா ஓரங்களையும் தாண்டி விழும்படி கொலிமேட்டரைத் திறந்தோம். பேனலில் முந்திய படத்தின் எச்சம் கொஞ்ச நேரம் தங்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இடையில் காத்திருப்பு. ஆள் இல்லாத அறை என்றாலும் கதிர் கதிர்தான். ஒவ்வொரு முறையும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால்.

ஒரே ஒரு ஃபிளாட் எடுத்தால் போதாதா என்று டாக்டர் கேட்டார். ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான் விழுந்தால், இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. ஒரே படத்தை ஃபிளாட்டாக வைத்தால் அந்த 1 விழுக்காடு இரைச்சல் இனி வரும் எல்லார் படத்திலும் அச்சாகப் பதியும். 16 படங்களின் சராசரி எடுத்தால் அது கால் விழுக்காடாகக் குறையும். ஆனால் சராசரிக்குள் போகுமுன் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். அக்கா அப்படிப் பார்த்ததில் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்: வலதுபக்கம் குறிக்கும் ஈய எழுத்தை ஒட்டிவந்த பிளாஸ்டரின் பசை பேனல் முகத்தில் ஒரு கோடாகக் கிடந்திருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஃபிளாட்டுகளை மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.

செத்த புள்ளிகளின் பட்டியலை மென்பொருளே எடுத்துக்கொண்டது. சரிபார்க்க, சராசரியில் சேராத புதுப் படங்களை எடுத்தோம்: கதிரைக் கூட்டியும் குறைத்தும், நெஞ்சுக்குப் பயன்படும் உயர் கிலோவோல்ட்டிலும், பேனலைத் திருப்பிச் சொருகியும். நடுவும் நான்கு மூலையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்றன. கறுப்பும் வெள்ளையும் மூன்று சதுரங்களும் போயே போய்விட்டன.

அழுக்கு ஃபிளாட்டுகளைக் கொண்டு பழைய நெஞ்சுப் படங்களை மீண்டும் கணக்கிட்டு, இது துணைப்படம், மூலப்படம் இன்னது என்று குறித்து ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பினோம். எல்லாரையும் திரும்ப வரவழைத்தால் என்ன, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர் சுமார் 0.02 மில்லிசீவர்ட்தானே, இயற்கையில் ஆண்டுக்கு உலகச் சராசரி 2.4 வாங்குகிறோமே என்று கேட்கலாம். கதிர் பெரிதல்ல. அவர்களுக்கு ஒருநாள் கூலி போகும், மேற்பார்க்கும் மண்டோர் லோரி தர வேண்டும், அதைவிட "உன்னை ஏன் மறுபடி கூப்பிட்டார்கள்" என்று லயத்தில் ஆரம்பிக்கும் பேச்சு.

பெரும்பாலான படங்களில் நிழல் சுத்தமாக மறைந்தது. ரேடியாலஜிஸ்ட் அறிக்கைகளைத் திருத்தினார். ஒருவருடைய படத்தில் மட்டும் வெண்மை குறைந்ததே தவிரப் போகவில்லை. சாயத்தின் நிழலுக்குக் கொஞ்சம் கீழே, விளிம்பு கலைந்து, அவருடையதேயான ஒன்று இருந்தது. எல்லாம் சாயம் என்று மொத்தமாகத் தள்ளியிருந்தால் அவரும் சேர்ந்து தள்ளப்பட்டிருப்பார். அவரை மட்டும் புதுக் கலிபிரேஷனில் மறுபடி எடுத்தார்கள். சளிப் பரிசோதனைச் சீட்டும் ரத்தாகவில்லை.

பேனலை விற்ற நிறுவனத்துக்கு இரண்டு படங்களை அனுப்பினார் டாக்டர்: கறுப்பும் வெள்ளையும் 180இல் ஒன்று, இரண்டும் மறைந்து 100இல் ஒன்று. பதில் வர நாளாயிற்று; வந்தபோது கட்டணம் திரும்பக் கிடைத்தது, விளக்கம் எதுவும் இல்லை. இப்போது வாராந்திர வெற்றுப் படத்தை அக்கா மேசையில் ஒன்று, ஸ்டாண்டில் ஒன்று, பேனலைத் திருப்பி இன்னொன்று என்று எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு கலிபிரேஷனின் தனித்தனிப் படங்களும், சராசரி மட்டுமல்லாமல், தூரமும் கிலோவோல்ட்டும் தேதியும் எழுதி அதே கணினியில் இருக்கின்றன.